மூன்றாவது டிஸ்க்

என் வீட்டுக்காரருடைய முதல் மனைவி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இதைச் சொன்னால் முன்பெல்லாம் ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இப்போது திருப்பூரில் தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டிலாவது இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. மற்ற வீடுகளில் பெட்டிக்குள் இருப்பது மாமனாரோ மாமியாரோதான். எனக்கு வாய்த்தது அக்கா.

நிரஞ்சனா அக்கா நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியிலேயே அவளுடைய நினைவு முழுவதையும் பதிவெடுத்தார்கள். உடம்பு போனது, பதிவு வீட்டுக்கு வந்தது. பெட்டி பார்ப்பதற்குப் பெரிய பிரெட் டோஸ்டர் மாதிரி இருக்கும். முன்பக்கம் நான்கு சிறு கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்க். அக்கா நான்கிலும் கலந்து பரவியிருக்கிறாள். ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைக் கணக்குப் போட்டு, புது டிஸ்க்கில் திரும்ப எழுதிவிடும். இரண்டு போனால் எல்லாமே போச்சு. இதை எனக்கு விளக்கியவர் என் வீட்டுக்காரர் பூபதி, கல்யாணமான முதல் வாரத்திலேயே. புதுப்பெண்ணுக்கு நகைப் பெட்டியைக் காட்டுகிறவர்கள் உண்டு. இவர் இதைக் காட்டினார்.

கூடத்திலும் சமையலறையிலும் அவளுக்கு ஸ்பீக்கரும் கேமராவும் உண்டு. ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. வெங்காயம் நறுக்கினால்கூட ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? வாசனை தெரியாது, ருசி தெரியாது, ஆனால் ரசம் நுரை கட்டிவிட்டது என்று எனக்கு முந்திச் சொல்லிவிடுவாள். பிறகு அவள் மகள் நேத்ராவுக்கு டெங்கு வந்தது. நான் நெற்றியில் துணி மாற்ற மாற்ற, அவள் மருந்து நேரத்தைச் சொல்லிச் சொல்லி, இரண்டு பேரும் ஒரே குழந்தையை அழுதுகொண்டே காப்பாற்றினோம். அதற்கப்புறம் அக்கா என்று கூப்பிட எனக்குக் கூச்சமாக இல்லை.

அவளுடைய அண்ணன் தனபாலுக்கு மட்டும் என்மேல் நம்பிக்கை வரவில்லை. தாராபுரத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். முதல்முறை வந்தபோது நான் கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தபடியே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"இந்தப் பொட்டிக்கு என்னமாச்சும் ஆச்சுன்னா, அது தானா ஆச்சுன்னு நான் நம்பமாட்டனுங். போலீசு கேக்கற விதத்துல கேக்கட்டும்னு விட்டுருவேன்."

அவர் மட்டுமா? இளையவள் கை பட்டு மூத்தவள் அழிந்தாள் என்றால் ஊரில் ஒருத்தராவது சந்தேகப்படாமல் இருப்பார்களா? அதனாலேயே துடைக்கிற துணியோடு கூட நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போகமாட்டேன்.

தொல்லை இடப் பற்றாக்குறையில் ஆரம்பித்தது. பெட்டி பழசு, டிஸ்க்குகள் சின்னவை. அக்காவோ தினமும் பார்க்கிறாள், கேட்கிறாள், எல்லாவற்றையும் எங்கேயாவது வைத்தாக வேண்டும். நிறைந்துபோன பெட்டியில் புதிதாக ஒன்றை வைக்கப் பழைய ஒன்றை எறிய வேண்டியதுதான். பழைய சீரியல்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், யார் யாருடைய கல்யாணத்திலோ சாப்பிட்ட சாப்பாடு என்று சில்லறை சில்லறையாக எறிந்துகொண்டிருந்தாள். ஒருநாள் பூபதி, தானும் அக்காவும் வால்பாறைக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தார். அக்கா, நாம எப்பங்க மாமா வால்பாறை போனோம் என்று கேட்டாள். மனுஷன் முகம் செத்துப்போனது. அந்த வாரமே பத்து மடங்கு கொள்ளளவுள்ள நான்கு புது டிஸ்க் வாங்கி வந்துவிட்டார்.

வாங்கினாரே தவிர மாட்டவில்லை. ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்து, புதியதைச் செருகி, மற்ற மூன்றும் அதை நிரப்பும்வரை காத்திருந்து, பிறகு அடுத்தது என்று செய்யவேண்டும். நிரப்புகிற நேரத்தில் இன்னொன்று கெட்டால் தீர்ந்தது. பழைய டிஸ்க்குகளை அப்படி ஒரேமூச்சாக ஓட்டினால் தாங்குமோ தாங்காதோ என்ற பயத்தில் மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டார். புது டிஸ்க்குகள் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் உறை பிரிக்காமல் கிடந்தன.

பனியன் ஆர்டருக்காக அவர் வியட்நாம் போயிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி கூவ ஆரம்பித்தது. மூன்றாவது டிஸ்க் பழுதாகிறது, உடனே மாற்றவும் என்று அதன் சின்னத் திரையில் சிவப்பாக ஓடியது. நேத்ரா லீவுக்குத் தாராபுரத்தில் மாமா வீட்டில் இருந்தாள். வீட்டில் நானும் அக்காவும் மட்டும்.

இரண்டு ரிப்பேர் கடைக்குப் போன் செய்தேன். ஆள் இருக்கும் பெட்டி என்றதும் வைத்துவிட்டார்கள். எங்கோ ஒரு மெக்கானிக் கையில் பெட்டி அணைந்துபோய், அவன்மேல் மரணத்துக்குக் காரணமானவன் என்று கேஸ் நடந்துகொண்டிருந்தது. பிறகு எவன் தொடுவான்? பெட்டியை அணைத்து வைக்கவும் முடியாது. அவ்வளவு பழைய டிஸ்க் சுழல்வதை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி சுழலும் என்று நிச்சயமில்லை.

பூபதியைக் கூப்பிட்டேன், ஊர் திரும்ப விமானம் ஏறுகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மூணாம் நம்பர் கதவைத் திற, உள்ளே இருக்கறதை உருவு, புதுசைச் செருகு, அவ்வளவுதான், பயப்படாதே என்று சொன்னார். கதவுகளில் அவரே ஒட்டிய எண்கள் இருந்தன. பிறகு போன் நின்றுவிட்டது. சீட்டில் உட்கார்ந்ததும் அணைத்துவிட்டுத் தூங்குகிற ரகம் அவர்.

அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன். எடு அம்மிணி, எனக்கு ஒண்ணும் வலிக்காது என்றாள். மூன்றாம் கதவைத் திறந்து உருவினேன். பெட்டி ஒரு கணம் மௌனமானது, பிறகு முன்பைவிடப் பலமாக வீறிட்டது.

"மேகலா, எதை எடுத்தே?"

"மூணாவதுதானுங்கக்கா. நம்பர் பாத்துத்தான் எடுத்தேன்."

"எனக்கு ரெண்டாவதைக் காணோம்னு தெரியுது. கெட்டுப்போன மூணாவது இங்கயேதான் ஓடிட்டிருக்குது."

கையில் இருந்ததைப் பார்த்தேன். அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். போன ஆயுத பூஜையன்று கம்பெனியில் தையல் மிஷின், ஓவர்லாக் மிஷின், லாரி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்த கையோடு வீட்டுக்கு வந்த பூபதி, பெட்டியையும் சும்மா விடவில்லை. ஒருமுறை நிறுத்தி, நான்கையும் வெளியே எடுத்து, துடைத்து, தாம்பாளத்தில் வரிசையாக வைத்துப் பொட்டிட்டு, பொரியும் வாழைப்பழமும் படைத்துத் திரும்பச் செருகினார். எது எந்தக் கதவிலிருந்து வந்தது என்று அவர் பார்க்கவில்லை. எந்த இடத்தில் செருகினாலும் பெட்டி தன் டிஸ்க்குகளை அடையாளம் கண்டு ஓடிவிடும், அதனால் தப்பு யாருக்கும் தெரியாமலே போனது. அன்று அக்கா பிழைத்ததே பெரிய விஷயம். பக்தியில் அவர் மாற்றி வைத்ததை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டேன்.

எடுத்ததைத் திருப்பிச் செருகிப் பார்த்தேன். பெட்டி ஏற்கவில்லை. அக்கா அதற்குள் மாறிவிட்டாள், பேசிவிட்டாள், பயந்துவிட்டாள். வெளியே போய்விட்டு வந்த டிஸ்க் பெட்டிக்கு அந்நியம். வேறு வழியில்லாமல் அதே இடத்தில் புது டிஸ்க்கைச் செருகினேன். இனி அது நிரம்ப வேண்டுமென்றால் சாகக் கிடக்கிற அந்த மூன்றாவது டிஸ்க் தன்னிடம் உள்ளதை முழுதாகப் படித்துக் கொடுத்தாக வேண்டும். படித்து முடிப்பதற்குள் அது நின்றால் அக்கா இல்லை. அப்புறம் நான் யார் என்பதைத் தனபால் ஊருக்குச் சொல்வார்.

டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராக வைத்தேன். இன்வெர்ட்டரில் சார்ஜ் இருக்கிறதா என்று ஓடி ஓடிப் பார்த்தேன். டிஸ்க்கிலிருந்து நகம் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றாலும் பயமாக இருந்தது, கேட்டாலும் பயமாக இருந்தது.

மத்தியானம் வழக்கம்போல நேத்ரா அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் தனபாலின் குரல். என்ன ஃபேன் சத்தம் என்று அவர் கேட்டார். நான் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். வெயில் தாங்கலைன்னு மேகலா போட்டிருக்காண்ணா என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள். மகளிடம் தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டாள், மாமாவை ஐஸ்கிரீம் கேட்டுத் தொல்லை பண்ணாதே என்றாள். செத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி அத்தனை சுலபமாகப் பேசுவாளென்று நான் நினைக்கவில்லை. போன் வைத்ததும் குரல் விட்டு விட்டு வந்தது.

"மேகலா, இது கடைசி வரைக்கும் தாங்காது. பாதிகூட ஆகலை, இப்பவே தடுக்கித் தடுக்கிப் படிக்குது."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவரு சாயங்காலம் வந்துருவாருங்க."

"அவரு வந்து என்ன பண்ணுவாரு? படிக்க வேண்டிய பாரத்தைக் கொறைச்சாத்தான் முடியும். ஒரு பெரிய மூட்டையை எறக்கிட்டா மிச்சம் வந்து சேந்துரும். அதுக்கு உன்ற விரல் வேணும்."

அது சட்டம். சில்லறை மறதியைப் பெட்டிக்குள் இருப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். மொத்தமாக ஒரு பங்கை அழிக்க வேண்டுமென்றால், உயிரோடு இருக்கிற வீட்டு ஆள் ஒருவர் சம்மதித்துத் திரையில் விரல் வைக்க வேண்டும். மனம் வெறுத்துத் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருந்ததால் வந்த ஏற்பாடு. விரல் வைக்கிறவருக்கு எவ்வளவு அழிகிறது என்று மட்டும் காட்டும், எது என்று காட்டாது. அது உள்ளே இருப்பவருடைய அந்தரங்கமாம்.

எதை இறக்குவது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவரைத்தான். பொண்ணு பாக்க வந்ததுல இருந்து பூராவும்."

அவர் டிஸ்க் வாங்கியதே அதற்காகத்தானே, தன்னை அவள் மறந்துவிடக் கூடாது என்றுதானே, அதை என் கையாலேயே அழிக்கச் சொன்னால் எப்படி என்று கத்தினேன். வேறு ஏதாவது கொடுங்கள், சின்ன வயசு, அம்மா வீடு, பள்ளிக்கூடம் என்றேன். அது பத்தாது என்றாள். நேத்ராவைக் கொடுக்கட்டுமா, நீயே சொல் என்றாள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவள் அவரை மறந்துவிட்டால் என்னாகும் என்று எனக்குள் ஒன்று கணக்குப் போட்டது. அவர் கம்பெனியிலிருந்து வந்ததும் முதலில் படிக்குக் கீழே குனிந்து பேசிவிட்டுத்தான் என்னிடம் வருவார். அந்தக் காட்சி இனி இருக்காது. அந்த ஆசை எட்டிப் பார்த்ததுமே எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது. அதனாலேயே விரலை நீட்டமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். விரல் வைத்தால் அது அவளுக்காகவா எனக்காகவா என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

பெட்டி திணறியது. நகம் கடிக்கிற சத்தம் நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றது. அக்காவின் பேச்சில் சொற்கள் விழ ஆரம்பித்தன.

"நேத்ரா வந்து அம்மான்னு கூப்பிடறப்ப... நான் இருக்கோணும். உனக்கு அது போதாதா?"

விரலை வைத்தேன். அழுத்தினேன். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் டிஸ்க்கின் சத்தம் சீரானது. நான் அந்தத் தரையிலேயே சுருண்டு படுத்து அழுதேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் புது டிஸ்க் நிரம்பியது. பிறகு கதவு கதவாகக் காது வைத்துக் கெட்டுப்போன மூன்றாவதைத் தேடினேன், அது முதல் கதவில் இருந்தது. அதை உருவியபோது கை சுட்டது. இன்னொரு புது டிஸ்க்கை அங்கே செருகி முடித்தபோது வாசலில் டாக்சி நின்றது.

பூபதி செருப்பைக் கழற்றாமலே ஓடி வந்தார். படிக்குக் கீழே மண்டி போட்டு, நிரஞ்சு, நல்லா இருக்கியா என்றார். அதுவரைக்கும் அவரைப் பார்த்தால் அக்கா வாங்க மாமா என்றுதான் அழைப்பாள். அன்று தங்கச்சி வீட்டுக்காரரை அழைக்கிற முறையில் அழைத்தாள்.

"வாங்க மாப்ள. எந்தங்கச்சியை இப்படித் தனியாத் தவிக்க உட்டுட்டுப் போலாமுங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சந்தனப் பொட்டோடு இருந்த டிஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன். அவர் அந்தக் குங்குமத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாந்தாண்டி மாத்தி வெச்சேன் என்று மட்டும் சொன்னார். நாங்கள் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை.

மீதி இரண்டு டிஸ்க்குகளையும் அடுத்த சில நாட்களில் அவரே மாற்றினார். ஒரு சங்கடமும் இல்லாமல் முடிந்தது. பெட்டிக்குள் இப்போது காலி இடம் கடல் மாதிரி கிடக்கிறது. எங்கள் காலம் முடிந்து, நேத்ராவின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது நிறையாது.

வீடு மாறிப்போனது. பெண்டாட்டியின் அக்காவிடம் பேசுவது போல அவர் அந்தப் பெட்டியிடம் இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசுவார், வந்துவிடுவார். முன்னால் அங்கே செலவழித்த நேரத்தைச் சமையலறைத் திட்டில் உட்கார்ந்து என்னோடு செலவழித்தார். கம்பெனிக் கதை சொன்னார். ஒருநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தார், அதுவும் யாரும் கேட்காமல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. கேமரா இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் அந்தப் பூவை வைத்தேன்.

தனபாலுக்கு அக்காவே சொல்லிவிட்டாள்: பழைய சில விஷயங்கள் போய்விட்டன, மேகலா இல்லையென்றால் நானே போயிருப்பேன் என்று. அவர் நம்பினாரா தெரியாது. லீவு முடிந்து நேத்ராவைக் கொண்டுவந்து விட்டபோது, சோதித்துப் பார்க்கிறவர் மாதிரி நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பூபதி கதையைத் தொடாமல் அவர்கள் இரண்டு பேருடைய சின்ன வயசுக் கதைகளை எடுத்தார். தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியது, அப்பாவின் சைக்கிள், ஒரு வருஷம் அம்மை போட்டது. அக்கா அப்படீங்களாண்ணா, அப்புறம் என்னாச்சுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வீட்டுக்காரர் கதையைக் கேட்கிற மாதிரி, ரசித்துக் கேட்டாள்.

"ஏனம்மிணி, அப்பா உன்னையை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாரு?"

அக்கா அதற்குச் சிரித்துவிட்டு, நேத்ராவின் மார்க்கைப் பற்றிக் கேட்டாள். மகளைப் பற்றி எல்லாம் சரியாகத் தெரிந்திருந்ததால் தனபால் சமாதானமாகிப் போனார். காபி டம்ளரோடு நின்ற நான்தான் சமாதானமாகவில்லை.

அவர் கிளம்பிப் போனதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்படி நேருக்கு நேராக நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"அக்கா, அன்னிக்கு என் விரலை வாங்கி எதை அழிச்சீங்க?"

கேமராவை நிமிர்ந்து பார்த்து அடுத்ததையும் கேட்டேன்.

"உங்க அப்பா உங்களை எப்படிங்கக்கா கூப்பிடுவாரு?"

"தெரியலையே அம்மிணி. அண்ணன் சொன்னாக் கேட்டுக்கறேன்."

அழுகையாக வந்தது எனக்கு. பத்தாது என்று அன்று பொய் சொல்லிவிட்டு, பெற்றவர்களை, பிறந்த வீட்டை, கல்யாணத்துக்கு முந்தி தான் யாராக இருந்தாளோ அவளையே வெட்டி எறிந்திருக்கிறாள், அவரை மட்டும் விட மனசில்லாமல். அப்புறம் நினைவில் வைத்திருப்பதையும் இல்லையென்று சொல்லி, அவரை என் கையில் கொடுத்துவிட்டாள். முன்பாவது டிஸ்க் சின்னது, வருஷம் போகப் போகத் தேய்ந்து மறைந்திருக்கும். இப்போது இருக்கிற இடத்துக்கு எதுவும் மறையாது. அவர் என்னோடு பேசிச் சிரிப்பதை அந்தக் கேமராவிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"அப்ப அவரு? கல்யாணம் ஆனதுல இருந்து எல்லாம் அப்படியே உள்ளயேதான் இருக்குதுங்களா?"

கூடத்தில் பூபதி துண்டைக் காணோம் என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாக் கேளு. மாப்ள காதுல விழுந்துரப் போகுது."